'சரி மேடம்' என்று சொல்லிவிட்டு மறுபடி போனை எடுக்காதவர்கள்

கேள்வி: புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்குத் தொலைபேசி வழியே ஆலோசனை தரும் மையத்தில் வேலை பார்க்கிறேன். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் முறையில், அதாவது மாறுவதற்கான காரணங்களை அழைப்பவர் வாயிலிருந்தே வரவைக்கும் விதத்தில், பேச வேண்டும் என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியில் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. ஹெட்செட்டை மாட்டியதும் எதுவும் வருவதில்லை. நுரையீரல், இதயம், வீட்டில் இருக்கும் குழந்தைகள் என்று எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் எடுத்துச் சொல்கிறேன். 'சரி மேடம், சரி மேடம்' என்கிறார்கள். நிறுத்தப்போகும் தேதியைக்கூடச் சொல்கிறார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. அவர்கள் பேசுவதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர், 'நான் சொன்னதையே எதுக்குத் திரும்பச் சொல்றீங்க?' என்று கேட்டுவிட்டார். இன்னொருவரிடம் ஏன் விட நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். 'விடணும்னுதானே கூப்பிட்டேன், இதென்ன கேள்வி?' என்று கோபப்பட்டு வைத்துவிட்டார். முகம் பார்க்காமல் இதெல்லாம் நடக்கிற காரியமா? உண்மையில் இந்த முறையால் பலன் உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத ஆலோசகர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது அந்த 'சரி மேடம்'தான். நேரில் ஒருவர் சரி என்றால் முகத்தைப் பார்த்து அது எந்தச் சரி என்று தெரிந்துகொள்ளலாம். போனில் அது பல நேரம் 'போதும், விடுங்கள்' என்பதை மரியாதையாகச் சொல்வதுதான். அடுத்தடுத்து இரண்டு 'சரி' காதில் விழுந்தால், நீங்கள் அதிகம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

புகைப்பது கெடுதல் என்று தெரியாமல் உங்களைக் கூப்பிடுபவர் அநேகமாக யாரும் இல்லை. விட்டுவிட வேண்டும், விட முடியாது என்று இரண்டு பேச்சும் அவருக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு வாதாடினால் அவருக்கு மிச்சமிருப்பது மறுபக்கம்தான். துணிச்சல்காரர் அதை வாய்விட்டுச் சொல்வார். மற்றவர்கள் மனதுக்குள் மறுத்துக்கொண்டே சரி, சரி என்பார்கள். போனை வைக்கும்போது, ஏன் இப்போது விட முடியாது என்பதைத்தான் அவர் ஒத்திகை பார்த்து முடித்திருப்பார்.

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் இடத்தில்தான் இதைக் கவனித்தார். 1983இல் முதல் கட்டுரை எழுதினார். பிறகு ஸ்டீஃபன் ரால்னிக்கும் சேர்ந்துகொள்ள, 1991 வாக்கில் முறை முழு வடிவம் பெற்றது. அந்தக் காலத்து ஆய்வு ஒன்று எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். குடிப்பவர்களிடம் சிகிச்சையாளர்கள் பேசிய விதத்தை மில்லரும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். சிகிச்சையாளர் எவ்வளவுக்கு மறுத்தும் மடக்கியும் பேசியிருந்தாரோ, ஓராண்டு கழித்து எதிரில் இருந்தவர் அவ்வளவுக்கு அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தப்பான வழியில் போவதைப் பார்த்ததும் உடனே திருத்தத் துடிக்கிறோமே, அந்தத் துடிப்பைத்தான் இந்த முறை முதலில் அடக்கச் சொல்கிறது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அக்கறை இருப்பதால்.

பயிற்சியில் மனப்பாடம் செய்யக் கொடுத்த முதலெழுத்துச் சுருக்கங்களை எல்லாம் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: விடுவதற்கான காரணத்தை இன்று யார் சொன்னது, நானா, அவரா?

அவர் சொல்வது எப்படி வரும்? ஓர் அழைப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் சொல்கிறார்: "விடணும்னு தோணுது. ஆனா வேலை டென்ஷன்ல அது இல்லாம முடியாது." பெரும்பாலான ஆலோசகர்கள் 'ஆனா'வுக்குப் பின்னால் வந்ததைப் பிடித்துக்கொள்வார்கள். "டென்ஷனுக்கு சிகரெட் தீர்வு இல்லையே சார், மூச்சுப் பயிற்சி செஞ்சு பாருங்களேன்." அவர் உடனே, "அதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு மேடம்" என்பார். கதவு மூடிவிட்டது.

அதே இடத்தில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வேலை நெருக்கடியில அதுதான் கைகொடுக்குது. அப்படி இருந்தும் விடணும்ங்கிற நினைப்பு மட்டும் உங்களை விடலை." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. அப்புறம், "ஆமா... பக்கத்துல போனா பையன் மூஞ்சியைத் திருப்பிக்கிறான்" என்று வரும். "அது உங்களுக்குத் தாங்கலை." "தாங்கலைதான். எங்கப்பாவும் இப்படித்தான் பிடிப்பார். நானும் அப்ப மூஞ்சியைத் திருப்பிக்குவேன்."

இந்த வாக்கியத்தை உங்கள் கையேட்டில் தேடினாலும் கிடைக்காது. நுரையீரலைப் பற்றி நீங்கள் எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். இப்போது சொல்லிவிட்டார், தன் காதாலேயே கேட்டும்விட்டார்.

உங்களிடம் கேள்வி கேட்டாரே ஒருவர், நான் சொன்னதையே எதுக்குத் திரும்பச் சொல்றீங்க என்று, அவர் கேட்டது நியாயம்தான். திருப்பிச் சொல்வது இந்த முறையின் உயிர் என்று சொல்லித்தந்திருப்பார்கள். சொன்னதை அப்படியே திருப்பினால் அது கிளிப்பேச்சு. அவர் சொன்னதில் இருந்து அரை அடி முன்னால் போக வேண்டும். சொல்லாமல் விட்டதை, சொல்ல வந்து நிறுத்தியதை, ஊகித்துச் சொல்ல வேண்டும். "மூணு நாள்தான் தாக்குப்பிடிச்சேன்" என்கிறார். "மூணு நாள்தான் இருந்தீங்க" என்றால் கிளி. "அந்த மூணு நாளை நினைச்சா இப்பவும் பயமா இருக்கு" என்றால் அரை அடி முன்னால். ஊகம் தப்பாகப் போனாலும் பரவாயில்லை. "பயமெல்லாம் இல்லை மேடம், வெட்கமா இருக்கு" என்று அவரே திருத்துவார். அந்தத் திருத்தம் உங்கள் சரியான ஊகத்தைவிட மதிப்பானது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் தொலைபேசியில் இது பெரிது. வாக்கியத்தை இழுத்துக் கேள்வியாக்கி முடிக்காதீர்கள். "பயமா இருக்கா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வரும். "பயமா இருக்கு" என்று குரலைத் தாழ்த்தி முடித்தால் அவர் தொடர்ந்து பேசுவார். பயிற்சியாளர்கள் ஒலிப்பதிவுகளைக் கேட்டு மதிப்பிடும்போது, ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பாவது (இப்படித் திருப்பிச் சொல்லும் வாக்கியம்) இருந்தால் போதுமான திறமை, ஒரு கேள்விக்கு இரண்டு இருந்தால் நல்ல திறமை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அனுமதி பெற்றுப் பதிவு செய்த உங்கள் அழைப்பு ஒன்றைப் போட்டுக் கேட்டு, இதை மட்டும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், இரண்டு நாள் பயிற்சிக்கு அது அப்படித்தான் இருக்கும். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவைக் கேட்டுத் திருத்தித் தருவதுதான் இதில் உண்மையான பயிற்சி. உங்கள் மையத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் உங்களிடம் இந்த முறையை எதிர்பார்ப்பது சரியில்லை.

கோபப்பட்டு வைத்தவர் விஷயம் வேறு. அவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். முடிவெடுத்தவரிடம் ஏன் என்று குடைந்தால், முடிவைச் சந்தேகப்படுவது போலத்தான் அவருக்குக் கேட்கும். இந்த முறையில் நெருங்குவது, எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்வது, காரணங்களை வெளிக்கொண்டு வருவது, திட்டமிடுவது என்று நான்கு வேலைகள் இருக்கின்றன. எல்லோரிடமும் மூன்றாவதில் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தானாகக் கூப்பிடுபவர்களில் பலருக்கு ஆசை நிறையவே இருக்கும். குறைவாக இருப்பது நம்பிக்கை.

எது குறைகிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் போதும். 0 முதல் 10 வரை வைத்துக்கொண்டால் விடுவது இப்போது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? விட முடிவு செய்தால் முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு? முக்கியத்துவத்துக்கு 9, நம்பிக்கைக்கு 3 என்று வந்தால், காரணங்களைத் தோண்ட வேண்டியதில்லை. அந்த 3இல் உட்காருங்கள். "ஏன் 8 இல்லை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், தன்னால் ஏன் முடியாது என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார். "1ன்னு சொல்லாம 3ன்னு சொன்னீங்களே, எதனால?" என்று கீழ்ப்பக்கமாகக் கேளுங்கள். "போன தடவை ஒரு வாரம் இருந்தேனே" என்பது போல ஏதோ ஒன்று வரும். அந்த ஒரு வாரத்தை எப்படிக் கடந்தார் என்று விவரமாகக் கேளுங்கள். காலையில் என்ன செய்தார், யாரிடம் சொன்னார், எந்த இடத்துக்குப் போகாமல் இருந்தார், எல்லாம். திட்டத்தின் பாதி அதிலேயே இருக்கும்.

மீதிப் பாதிக்கு நீங்கள் தகவல் சொல்லத்தான் வேண்டும். இந்த முறையில் தகவலே சொல்லக் கூடாது என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். தாராளமாகச் சொல்லலாம், கேட்டுவிட்டு. "நிகோடின் கம் பத்தி என்ன கேள்விப்பட்டிருக்கீங்க?" என்பது முதலில். "நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு சுருக்கமாகச் சொல்வது அடுத்து. "இதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது?" என்று திரும்ப அவரிடமே விடுவது கடைசியில். கம்மைப் போட்டுப் பார்த்தேன், வேலைக்கே ஆகவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். எப்படி மென்றார் என்று கேளுங்கள். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றிருப்பார். நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். சில முறை மென்று, காரமாக உணர்ந்ததும் கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். தூங்கி எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் கம். அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்சும் கம்மும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. தவிப்பு முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும் என்பதையும், ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களில் தானாக அடங்கும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கர்ப்பிணிகள், இதயக் கோளாறு உள்ளவர்கள், மனநல மருந்தோ தியோஃபிலின் போன்ற ஆஸ்துமா மருந்தோ எடுப்பவர்கள் கூப்பிட்டால் மருத்துவரையும் பேச்சுக்குள் கொண்டுவாருங்கள். புகை நின்றால் சில மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறும். காபியில் உள்ள கஃபீனும் அப்படித்தான், உடலில் கூடுதல் நேரம் தங்கும். அந்தப் படபடப்பை நிகோடின் தவிப்பு என்று நினைத்து மறுபடி பற்றவைத்தவர்கள் உண்டு.

முகம் பார்க்காமல் நடக்குமா என்று கேட்டீர்கள். நடக்கும். சிலருக்கு முகம் தெரியாததே வசதி. யாரிடமும் சொல்லாத விஷயத்தை முன்பின் தெரியாத குரலிடம் சொல்லிவிடுவார்கள். ஆனால் தலையாட்டுவதை அவர் பார்க்க முடியாது என்பதால் இடையிடையே 'ம்' சொல்ல வேண்டியிருக்கும். மௌனம் விழுந்தால் லைன் போய்விட்டதோ என்று நினைப்பார். "யோசிச்சுச் சொல்லுங்க, நான் இருக்கேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் நிம்மதியாக யோசிப்பார். ஆரம்பத்திலேயே இப்போது மனம்விட்டுப் பேச முடிகிற இடத்தில் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். ஒற்றைச் சொல் பதில்கள் வந்தால் ஆர்வமில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பக்கத்தில் யாராவது இருக்கலாம்.

லைட்டரைச் சொடுக்கும் சத்தமும் அதைத் தொடர்ந்து மூச்சு இழுக்கும் சத்தமும் உங்களுக்குக் கேட்டிருக்கும். உதவி எண்ணோடு பேசிக்கொண்டே ஒருவர் பற்றவைக்கிறார் என்றால் அவருக்குள் இருக்கும் இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் உங்கள் காதில் விழுகின்றன. கண்டிக்கவும் வேண்டாம், கேட்காதது போல நடிக்கவும் வேண்டாம். "இதைப் பத்திப் பேசுறதே உங்களுக்கு லேசா இல்லை. அப்படியும் லைன்ல இருக்கீங்க" என்று சொல்லுங்கள். அவர் பேசுவதற்கு அது போதும்.

பதிவுப் படிவமும் இதில் ஒரு தடை. வயது, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடமாக என்று தொடங்கி அடுக்கடுக்காகக் கேட்டால், அவர் பதில் சொல்லும் இயந்திரமாகிவிடுவார். அதன் பிறகு என்ன திறந்த கேள்வி கேட்டாலும் ஒரு வரியில்தான் பதில் வரும். முடிந்தால் முதலில் "எது உங்களை இன்னிக்குக் கூப்பிட வச்சுது?" என்று கேட்டுச் சில நிமிடம் பேசவிடுங்கள். படிவத்தின் பாதிக் கட்டங்கள் தானாகவே நிரம்பிவிடும்.

பலன் உண்டா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தொலைபேசி ஆலோசனைக்குப் பலன் உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி (பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் அமைப்பு அது), உதவி எண்ணைக் கூப்பிட்டவர்களில் 100க்கு சுமார் 7 பேர் வெற்றிகரமாக விடுகிறார்கள் என்றால், ஆலோசகர் தாமாகத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பேசும்போது அது சுமார் 10 பேர் ஆகிறது. பார்க்கச் சின்ன எண்தான். புகையிலை எத்தனை உயிரை எடுக்கிறது என்று தெரிந்த யாருக்கும் அந்த மூன்று பேர் சின்ன விஷயமாகத் தெரியாது. மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்கைப் பற்றி அதே ஆண்டு வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பாய்வோ, மற்ற ஆலோசனை முறைகளைவிட இது அதிகம் பேரை விடவைக்கிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆகவே இதை மருந்துக்கும் பேட்சுக்கும் திட்டத்துக்கும் மாற்றாக நினைக்காதீர்கள். அவை வேலை செய்ய வேண்டுமானால் அவர் லைனில் இருக்க வேண்டும், அடுத்த அழைப்பையும் எடுக்க வேண்டும். இந்த முறை நமக்குக் கைகொடுப்பது அங்கேதான் என்பது என் அனுபவம்.

அதனால் அந்த இரண்டாவது அழைப்புக்கு வருகிறேன். உங்களைத் திருப்திப்படுத்த ஒருவர் சொன்ன தேதி அவருக்குக் கடன் மாதிரி. அன்று அவர் நிறுத்தவில்லை. உங்கள் எண் திரையில் வரும்போது கடன் கொடுத்தவர் கூப்பிடுவது போலத்தான் அவருக்கு இருக்கும். எடுக்க மாட்டார். அக்கறை இல்லாமல் எடுக்காதவர்களைவிட வெட்கத்தால் எடுக்காதவர்கள் அதிகம் என்றே நினைக்கிறேன். ஆகவே தேதியை நீங்கள் பிடுங்காதீர்கள். அவர் வாயில் வராத தேதியைப் படிவத்தில் எழுதாதீர்கள். 'இன்னும் முடிவாகவில்லை' என்று எழுதுங்கள். மேலதிகாரி கேட்டால், பொய்யான தேதியால் மையத்துக்கு அடுத்த அழைப்புதான் வீணாகிறது என்று எடுத்துச் சொல்லலாம். முதல் அழைப்பை முடிக்கும்போது இதைக் கேளுங்கள்: "நான் மறுபடி கூப்பிடட்டுமா? நீங்க நிறுத்தியிருந்தாலும் சரி, நிறுத்தலைன்னாலும் சரி, எனக்கு உங்ககூடப் பேசணும்."

உண்மையிலேயே தேதி குறித்துவிட்டார் என்றால் முதல் வாரத்தில் அவரைத் தனியாக விடாதீர்கள். 1992இல் தொடங்கிய கலிஃபோர்னியா உதவி எண்ணில் வேலை செய்த ஆய்வாளர்கள், பெரும்பாலோர் சறுக்குவது ஆரம்ப நாட்களில்தான் என்பதால் அழைப்புகளை அங்கே நெருக்கமாக வைத்தார்கள். நிறுத்திய 1, 3, 7, 14, 30ஆம் நாட்கள் என்று போகும் அந்த அட்டவணை. வாரம் ஒன்று என்று சமமாகப் பிரித்து வைத்திருக்கும் மையங்கள் முதல் மூன்று நாட்களைத் தவறவிட்டுவிடுகின்றன.

எடுக்காமல் இருப்பவர்களுக்கு, மையத்தின் விதி அனுமதித்தால், குறுஞ்செய்தி ஒன்று அனுப்பிப் பாருங்கள்: "தேதி தள்ளிப்போயிருந்தாலும் பரவாயில்லை. பேசலாம்." மையத்தின் பெயரையும் புகை பற்றிய சொல்லையும் அதில் தவிர்த்துவிடுங்கள், வீட்டில் தெரியாமல் கூப்பிட்டவராக இருக்கலாம். சிலர் எடுப்பார்கள். எடுத்ததும் "மறுபடி பிடிச்சுட்டேன் மேடம்" என்று குரல் தாழ்ந்து வரும். ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டால் சாக்குதான் வரும். "அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் பிடிக்காம இருந்தீங்க?" என்று கேளுங்கள். "ஒரு நாள்கூட இல்லை, சாயங்காலம் வரைக்கும்தான்" என்பார். அப்படியானால் அந்தக் காலையில் முதல் ஏக்கம் எப்போது வந்தது, எடுக்கப்போன கையை எது தடுத்தது என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த திட்டத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.